கருமை தருமோ வெண்மை?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று நம் முன்னோர் சொல்லிவைத்துப் போனார்கள். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் பல்லுக்கு உழைத்தவை ஆலும் வேலும் மட்டுமல்ல, கரியும்தான். விறகடுப்பு எரிந்த காலத்தில் அடுப்புக்கரி. வீட்டிலேயே நெல் குத்திய காலத்தில் உமிக்கரி. இரண்டும் கைக்கு எட்டாதபோது சாம்பலோ செங்கல் பொடியோ. அமராவதி நகரில் எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய அம்மாயி ஒருவர் இன்றும் தேங்காய்த் தொட்டியைச் சுட்டு, உப்புச் சேர்த்து இடித்து, பழைய பாட்டில் ஒன்றில் அடைத்து வைத்திருக்கிறார். விடியற்காலையில் அவர் வாயைப் பார்க்கும் சிறு குழந்தைகள் அலறி ஓடும்.

பிறகு பற்பொடி வந்தது, பற்பசை வந்தது. பற்பொடியில் புகையிலையைக் கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். 1992இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. 1997இல் உச்ச நீதிமன்றமும் அத்தடை சரியென்றது. பற்பசைக்காரர்களோ கரியையும் உப்பையும் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று எள்ளி நகையாடி நம்மை அதிலிருந்து விலக்கினார்கள். இன்றைக்கு அதே கரி, வழவழப்பான கறுப்பு டப்பாவில், 'ஆக்டிவேட்டட் சார்க்கோல்' என்ற பட்டத்தோடு திரும்பி வந்திருக்கிறது. அடுப்பிலிருந்து அள்ளியபோது அது அநாகரிகம். டப்பாவில் அடைத்து 50 கிராமுக்கு 399 ரூபாய் விலை போட்டதும் அதுவே நாகரிகம்! இந்த வேடிக்கையை எண்ணிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த 399 ரூபாய் என் அக்காவின் ஒரு நாள் சம்பளமாக இல்லாதிருந்தால்.

என் அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். பத்தாம் வகுப்போடு நின்று, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோ கொண்டுவந்து இறக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றால், அதற்கான கட்டணத்தை அந்த வேன்தான் ஏற்றி இறக்கியது என்று சொல்லலாம். அக்காவின் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். அது அவருடைய சுபாவம் என்றே நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு பெண் பார்க்க வந்தவர்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்பினார்கள்: "பொண்ணு நல்ல பொண்ணுதான், பல்லுதான் கொஞ்சம்..." அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைத் தரகர் எவ்வளவு நயமாகச் சொல்லியும், எங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதமே கறுப்பு டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. கம்பெனியில் யாரோ கைப்பேசியில் விளம்பரம் காட்டியிருக்கிறார்கள். இரண்டு வாரம் காலையும் இரவும் தேய்த்தார். மூன்றாம் வாரம் பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசியது. திட்டுகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொண்டுவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தார். "ஏண்டா தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கறே? இது நெசமாலுமே வெளுக்குமா வெளுக்காதா, பாத்துச் சொல்லு" என்றார். தேர்வில் கேட்கப்படும் வினாக்களுக்கு விடை தெரியாவிட்டால் மதிப்பெண்தான் போகும். இது அப்படிப்பட்ட வினா அன்று.

முதலில் அந்தக் கரியின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெருமை இல்லாமல் இல்லை. உடுமலை, காங்கயம் பக்கம் தென்னை அதிகம் என்பது நாம் அறிந்ததே. கொப்பரை எடுத்தபின் எஞ்சும் தொட்டியைக் காற்று அதிகம் புகாமல் எரித்தால் தொட்டிக்கரி. காங்கயம் வட்டாரத்தில் இதற்கென்றே ஆலைகள் உண்டு. அவற்றால் கிணற்று நீர் கெடுகிறது என்று விவசாயிகள் முறையிடுவதும் உண்டு. இந்தக் கரியை 900 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியால் தாக்கினால் அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. அதுவே கிளர்வுற்ற கரி. அதில் ஒரு கிராமை எடுத்து, உள்ளேயுள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் சொன்னால் இருபத்தைந்து சென்ட், கால் ஏக்கர்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு தென்னந்தோப்பின் மூலை ஒளிந்திருக்கிறது.

இந்தப் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வதைத்தான் பரப்புக் கவர்ச்சி என்று படிக்கிறோம். ஆய்வகத்தில் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் கரியைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, பெர்மாங்கனேட்டால் தரம் பார்த்து, ஃபிராயின்ட்லிக் வரைபடத்தில் நேர்கோடு வராமல் அழுதவர்கள் நம்மில் எத்தனை பேர்! 1785லேயே ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற வேதியியலார் கரி கரைசல்களின் நிறத்தை நீக்குவதைக் கண்டறிந்தார். அக்காவின் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஆய்வகத்தில் மெத்திலீன் நீலக் கரைசலில் போட்டுக் குலுக்கினேன். அரைமணி நேரம் கழித்து வடிகட்டியபோது மை போலிருந்த கரைசல் ஊற்றுத் தண்ணீராக இறங்கியது. பக்கத்தில் நின்ற நண்பன், "டேய், அப்புறமென்ன, அக்காவைத் தேய்க்கச் சொல்லு" என்றான்.

விஷம் உண்டவர்களுக்கு மருத்துவமனையில் கரி கொடுப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான். ஆனால் அங்கேயும் கரி எல்லாவற்றையும் பிடித்துவிடுவதில்லை. சாராயம், இரும்பு, அமிலம் இவற்றிடம் அதன் ஜம்பம் சாயாது. இலங்கையில் மஞ்சள் அரளி விஷம் ஏறிய 401 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. திரும்பத் திரும்பக் கரி கொடுத்தவர்களில் இறந்தவர் 2.5 சதவீதம், கொடுக்காதவர்களில் 8 சதவீதம். பார்த்தீர்களா என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2008இல் அதே இலங்கையில் பலவகை விஷங்களுக்காக 4,632 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் அந்த நன்மை காணப்படவில்லை. பழக்கப்பட்ட மருந்தையே இப்படி எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்கிறது மருத்துவ உலகம். பல்லுக்கு விற்கும் கரியை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 118 கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், கரிப் பற்பொடிகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ சொல்லப் போதுமான சான்று இல்லை என்று முடித்தார்கள். சான்று இல்லை என்பதை விளம்பரக்காரர்கள் ஒருபோதும் அச்சிடமாட்டார்கள். 2019இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழும் ஏறக்குறைய இதையே எழுதியது. இத்தகைய பொருள்களில் பெரும்பாலானவற்றில் பல் சொத்தையைத் தடுக்கும் புளோரைடு இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

ஆனால் கடல் கடந்த ஆய்விதழைக் காட்டி அக்காவை ஒப்புக்கொள்ளச் செய்ய முடியுமா? எனக்கே அது போதவில்லை. நீலக் கரைசல் கண்ணெதிரே வெளுத்ததே, பல் ஏன் வெளுக்கவில்லை? இந்த முடிச்சு எனக்குச் சாயப்பட்டறையை நினைத்தபோதுதான் அவிழ்ந்தது. திருப்பூரைச் சுற்றி வாழும் நமக்குச் சாய நீரின் கதை புதிதல்ல. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் எங்கள் வீட்டில் இன்றும் பேசுவார்கள். சாயக் கழிவுநீரின் நிறத்தை எடுக்கக் கரி உதவும். ஆனால் துணியை வெளுக்க? எந்தப் பட்டறையிலாவது வெள்ளைப் பனியன் வேண்டுமென்று துணியைக் கரியில் போட்டுப் புரட்டுகிறார்களா? மாட்டார்கள். துணிக்குக் காஸ்டிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும். பெராக்சைடு நூலிழைக்குள் புகுந்து, நிறம் தரும் மூலக்கூறையே உடைத்துப் போடுகிறது. கரியோ கரைசலில் மிதந்து தன்னிடம் வருவதைப் பிடித்துக்கொள்ளுமேயன்றி, இழைக்குள் ஊறியதைப் போய்ப் பிடுங்கிவராது.

பல்லுக்கும் இதுவே நியாயம். பல் மருத்துவர்கள் பல்லை வெளுக்கப் பயன்படுத்துவதும் பெராக்சைடு வகைதான். அளவறிந்து, ஈறில் படாமல் காத்து. (கம்பெனியில் கேனில் இருக்கும் பெராக்சைடு 50 சதவீதக் கரைசல், தோலையே வெந்துபோகச் செய்யும். அதை யாரும் வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம்.) துணிக்குக் கடைசியில் டினோபால் போட்டுப் பளிச்சென்று காட்டுவதுபோல, சில பற்பசைகளில் நீல நிறமி சேர்த்து மஞ்சளை மறைத்துக் காட்டும் தந்திரமும் உண்டு. எங்கள் அப்பா வேட்டிக்குப் போடும் நீலம்தான் இது, வேறொன்றுமில்லை.

அன்றிரவு இதை அக்காவிடம் சொல்லும்போது, பல்லின் கறை இருவகை என்று ஆரம்பித்தேன். டீ, வெற்றிலை, புகையிலை இவற்றால் பல்லின் மேல் படிவது ஒன்று. பல் உருவாகும்போதே எனாமலுக்குள் அமைந்துவிடுவது மற்றொன்று. நான் மேலே விளக்குமுன் அக்கா குறுக்கிட்டார். "புரியுது. பீஸ்ல ஆயில் கறைன்னா கன் அடிச்சு எடுத்துருவோம். டையிங்ல பேச் விழுந்திருந்தா எத்தனை கன் அடிச்சாலும் போகாது. அதை ரிஜெக்ட்டுல போடுவோம்." சற்று நேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப என்னுது பேச்சா?" என்று கேட்டார். ஒரு வாரம் நான் புத்தகங்களைப் புரட்டித் தேடியதைச் செக்கிங் மேசையில் பன்னிரண்டு வருஷம் நின்றவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ரிஜெக்ட் என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்றது.

ஆம், பேச்தான். அது எங்கே விழுந்தது என்பதற்கும் விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மாவின் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். அக்கா பிறந்து ஏழு வயதுவரை அம்மாவோடு அம்மாயி வீட்டில்தான் வளர்ந்தார்; ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தார். அப்பாவுக்கு உடுமலையில் நூல் மில் வேலை நிலைத்தபின் அமராவதி நகருக்கு வந்தார்கள். நான் இங்கே பிறந்தேன். ஒரே தாய் வயிறு, ஒரே சமையல்; எனக்கு ஆற்றுத் தண்ணீர், அவருக்குப் பாறைத் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளில் புளோரைடு அதிகம். அது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நிலையான பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சுமார் எட்டு வயதுக்குள் அளவுக்கு மீறிய புளோரைடு உடலில் சேர்ந்தால், எனாமல் சரியாகக் கெட்டிப்படாமல் திட்டு விழுகிறது. அதன்பின் எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் திட்டு மாறாது.

இந்தியாவில் இந்த நோயை முதலில் எழுதிவைத்தது 1937இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பானியக் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைத்தல் என்ற நோக்கம் சேர்ந்திருக்கிறது. அக்காவுக்கு அது எட்டு ஆண்டு தாமதம். புளோரைடை நீரிலிருந்து நீக்கவும் இந்தக் கரி அவ்வளவாக உதவாது. அதற்குக் கிளர்வுற்ற அலுமினா வேண்டும், அல்லது படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை வேண்டும். பாவம் கரி, இந்த வழக்கில் அதற்கு எந்தப் பக்கத்திலும் வேலையில்லை.

வேலையில்லாதது சும்மா இருந்தால் பரவாயில்லை. தேய்ப்பதுதான் தொல்லை. எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். மோஸ் அளவில் ஏறத்தாழ 5. ஆனால் செங்கல் பொடியிலுள்ள குவார்ட்ஸ் 7. உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. எனவே உமிக்கரி என்பது பாதி மணல்தாள். தொட்டிக்கரி இவற்றைவிட மிருதுதான் என்றாலும், டப்பாவுக்கு டப்பா துகளின் பருமனும் கூர்மையும் மாறுபடும். பற்பசைகளுக்குத் தேய்மான அளவு என்று உலகத் தர நிர்ணயமே இருக்கிறது. 250ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. அக்காவின் டப்பாவில் அப்படி எந்த எண்ணும் அச்சிடப்படவில்லை. துகள்கள் ஈறின் ஓரத்திலும் பல்லின் வெடிப்பிலும் புகுந்து கருங்கோடாக நிற்பதும் உண்டு.

எங்கள் பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஒரு சிறு சோதனை செய்தேன். முட்டை ஓடுகளை இரண்டு நாள் டீ டிகாக்ஷனில் ஊறவைத்துப் பழுப்பாக்கினேன். ஒன்றின்மேல் கரிக்குழம்பைத் தடவி, தேய்க்காமல் இரண்டு நிமிடம் விட்டுக் கழுவினேன். பல் துலக்கும் நேரம் அவ்வளவுதானே. பழுப்பு அப்படியே இருந்தது. இன்னொன்றைக் கரியால் தேய்த்தேன், வெளுத்தது. மூன்றாவதைச் சாதாரணப் பற்பொடியால் தேய்த்தேன். அதுவும் ஏறத்தாழ அதே அளவு வெளுத்தது. கைலென்சில் பார்த்தபோது தேய்த்த இரண்டிலும் கீறல்கள். அதாவது வெளுத்தது கரியின் கால் ஏக்கர் பரப்பால் அல்ல, விரலின் அழுத்தத்தால். "முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், பல் ஹைட்ராக்சி அபடைட், இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே" என்று பேராசிரியர் எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கை, அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அடியிலுள்ள டென்டைன் இயல்பிலேயே மஞ்சள். ஆகவே வெண்மைக்காகத் தேய்க்கத் தேய்க்க, மேலே உள்ள வெள்ளை மெலிந்து அடியிலுள்ள மஞ்சள்தான் தெரிய ஆரம்பிக்கும், கூச்சமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் ஊர் அணைக்கருகே முதலைப் பண்ணை இருக்கிறது. அங்குள்ள முதலைகள் கரி தேய்ப்பதில்லை, பற்பசையும் தேவையில்லை. விழுந்த பல்லுக்குப் பதில் பல் ஆயுள் முழுவதும் முளைத்துக்கொண்டே இருக்கும். மனிதனுக்கு இரண்டே வாய்ப்பு. அதில் ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் தீர்த்துவிடுகிறோம்.

இதையெல்லாம் வகுப்பில் பேசியபோது நண்பர்கள் ஒரு கேள்வியால் என்னை மடக்கப் பார்த்தார்கள். "எங்க அப்பிச்சி எம்பது வயசுல கரும்பு கடிச்சாரு, ஆயுசு பூரா கரிதான், அதுக்கு என்ன சொல்றே?" நல்ல கேள்வி. அந்த அப்பிச்சி காலத்தில் வீட்டில் சர்க்கரை எவ்வளவு வாங்கினார்கள்? மிட்டாயும் குளிர்பானமும் வாரத்தில் எத்தனை நாள்? அவர் தேய்த்தது விரலால். இன்று அதே கரியை நைலான் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்கிறோம். அதோடு, கரியால் தேய்த்து ஐம்பது வயதில் பொக்கை வாயானவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. கரும்பு கடித்தவர் மட்டுமே கதையில் நிற்கிறார். எங்கள் தெரு அம்மாயிக்கும் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. அவரை யாரும் விளம்பரத்தில் போடப்போவதில்லை. பழக்கமாக இருந்தது என்பதற்காக ஏளனம் செய்வதும் தவறு, பழக்கமாக இருந்தது என்பதற்காகவே ஏற்றுக்கொள்வதும் தவறு என்பது என் கட்சி. நண்பன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு கழிந்த திங்களன்று அக்கா அரைநாள் சம்பளத்தை விட்டு, என்னோடு அரசு மருத்துவமனைக்கு வந்தார். பல் பிரிவில் இருந்த டாக்டரம்மா விளக்கைத் திருப்பி ஒரு நிமிடம்தான் பார்த்தார். "சின்ன வயசுல தருமபுரி, சேலம் பக்கம் இருந்தீங்களா?" என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கரியை உடனே நிறுத்தச் சொன்னார். கூச்சத்துக்குப் புளோரைடு உள்ள பற்பசையும் மென்மையான பிரஷ்ஷும் எழுதிக்கொடுத்தார். திட்டுகளுக்கு வழி இருக்கிறது என்றார்: மேற்பரப்பை மிக மெல்லிதாக அமிலமும் நுண்பொடியும் கொண்டு எடுப்பது, பெராக்சைடால் வெளுப்பது, அல்லது பல்லின் நிறத்திலேயே மெல்லிய பூச்சு வைப்பது. ஒவ்வொன்றுக்கும் செலவும் வரவேண்டிய தடவைகளும் வேறு. கூச்சம் தீர்ந்தபின்தான் எதுவும் என்றும் சொன்னார். புளோரைடால் வந்த வினைக்குப் புளோரைடுப் பசையா என்று அக்கா கேட்டதற்கு, "அளவுதாம்மா விஷயம், அதுவுமில்லாம உங்க பல்லெல்லாம் முளைச்சு முடிஞ்சிடுச்சு" என்று சிரித்தார்.

பேருந்தில் திரும்பும்போது அக்கா கணக்குப் போட்டார். வெளுப்பதற்கு எத்தனை நாள் சம்பளம், எத்தனை நாள் லீவு, என் அடுத்த பருவக் கட்டணம் எவ்வளவு. என் கட்டணத்தை இதில் கொண்டுவராதீர்கள் என்றேன்; அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பொங்கல் போனஸ் வந்தபின் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இடையில் இன்னொரு இடத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியனுப்பினார். அம்மா தயங்கினார். "வரட்டும். கேட்டா தண்ணியால வந்ததுன்னு நானே சொல்லிக்கறேன்" என்றார் அக்கா.

டப்பாவில் பாதிக் கரி மிச்சம். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆக்சாலிக் அமிலத்துக்கு நேர்கோடு நன்றாகவே வருகிறது.